இரண்டு டாக்டர்களின் மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு யார் மனதையும் நோகவைக்கத் தெரியாது. தேங்காய் பறிக்க நாள் சொன்னவர் மூன்று நாள் கழித்து வந்தாலும், "வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல மோரு குடிங்க" என்பார். இந்தக் குணத்தைப் பார்த்துத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். இதே குணத்தால் அவரை இழக்கவும் பார்த்தேன்.

போன வருடம் நெஞ்சுவலி வந்து, கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். தொண்டாமுத்தூருக்குத் திரும்பும் நாளில் நர்ஸம்மா புது மாத்திரைச் சீட்டோடு ஒரு வலைத்தள முகவரியும் எழுதித் தந்தார். "ஊட்ல பழைய மாத்திரை ஏதாச்சும் இருந்தா, ரெண்டு லிஸ்டையும் இதுல போட்டு ஒப்பிட்டுப் பாத்துக்குங்க" என்றார். எல்லாம் டாக்டருக்குத் தெரிந்ததுதானே என்று சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். என் மெத்தனம்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தலை சுத்துதுங்களா?"

"லேசா, அம்மணி. படுத்தே கெடந்த ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்."

மறுநாள் குளியலறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, அவருடைய பழைய மாத்திரைகள் கிடந்த பிஸ்கட் டப்பாவையும் லேப்டாப்பையும் எடுத்து வைத்து, நர்ஸம்மா தந்த முகவரியைத் திறந்தேன். இடது பக்கக் கட்டத்தில் வீட்டு மாத்திரைகளின் பெயர்கள், வலது பக்கத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தவை. அட்டையில் இருந்ததை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டினேன்.

இரண்டு வரிகள் சிவப்பாகின. பெயர்தான் வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே என்றது அந்தத் தளம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து. டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம் என்றும் கீழே இருந்தது.

"ஏனுங்க, ரெண்டையுமா சாப்புடறீங்க?"

"ஆமா. அது முன்னாடி பிரஷருக்குக் காரமடை டாக்டர் குடுத்தது, இது பெரிய டாக்டர் குடுத்தது. ரெண்டு பேரையும் மதிக்கோணுமில்ல?"

"வேற மாத்திரை சாப்புடறீங்களான்னு ஆஸ்பத்திரில கேக்கலீங்களா?"

"கேட்டாரு. நீ மருந்துக்கடை வரிசைல நின்னுட்டிருந்தே. இல்லீங்கன்னு சொல்லிப்போட்டேன். அத்தன பெரிய மனுசன்கிட்ட இன்னொரு டாக்டர் பேரச் சொன்னா சங்கடப்பட மாட்டாரா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டப்பாவை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்த ரெண்டு டாக்டருமா வந்து எங்கூட இருப்பாங்க?" என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். உடனே கூட்டி வரச் சொன்னார்கள். நாடி மிகவும் குறைந்திருந்தது. டாக்டர் இரண்டு பட்டியலையும் பார்த்துப் பழைய மாத்திரையை நிறுத்தச் சொன்னார், இரண்டு நாள் அங்கேயே வைத்துப் பார்த்தார். வீட்டுக்கு அனுப்பும் முன், "வேற ஏதாவது சாப்பிடறீங்களா? நாட்டு மருந்து, அந்த மாதிரி?" என்று அவரிடம் கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "எல்லாம் அந்த லிஸ்ட்ல இருக்குதுங்க."

இவர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"ஒண்ணு உட்டுப்போச்சுங்க. நெஞ்சுக்கு நல்லதுன்னு எங்கக்கா ஒரு பொடி குடுத்துச்சுங்க. காத்தால வெந்நீர்ல போட்டுக் குடிக்கறேன். இவளுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா சங்கடப்படுவா."

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். வேறு நாளாக இருந்தால் அந்தப் பொடிக்காகவே வீடு இரண்டுபட்டிருக்கும். அன்று டாக்டர் முன்னால் எனக்கு அழுகைதான் வந்தது. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக, ஒருத்தி மனம் நோகும் என்று தெரிந்தும் இந்த மனிதர் உள்ளதைச் சொன்னார், என்னோடு இன்னும் கொஞ்ச நாள் இருப்பதற்காக.