விழும் வேலை

தொப்பண்ணன் நாள்தோறும் நாற்பது முறை விழுவார். காலையில் இருபது, சாப்பாட்டிற்குப் பின் இருபது. ஞாயிற்றுக்கிழமைகளில் விழ வேண்டியதில்லை.

முதியோர் தனித்திருக்கும் வீடுகளுக்குத் தரை செய்து தரும் நிறுவனத்தில் அவருக்கு வேலை. பார்வைக்குச் சாதாரணத் தரைதான். ஆனால், தன்மேல் யாரேனும் விழுந்தால் அதற்குத் தெரிந்துவிடும். "விழுந்துவிட்டீர்களா? உதவி வேண்டுமா?" என்று பிழையற்ற தமிழில் கேட்கும். வேண்டும் என்றாலோ, பதிலே வராவிட்டாலோ, உறவினரைத் தொலைபேசியில் அழைத்துவிடும். விழுவது எது, உட்காருவது எது, மூட்டையைப் போடுவது எது என்று அந்தத் தரைக்கு யாராவது கற்பிக்க வேண்டும் அல்லவா? அதற்காகக் கூடம் ஒன்றனுள் குளியலறையும் சமையலறையும் படுக்கையறையும் கட்டி, அவற்றில் விழுவதற்கு இவரை வைத்திருந்தார்கள்.

முன்பு அவர் மரச்சாமான் கிடங்கில் சுமை ஏற்றிக்கொண்டிருந்தார். ஏணியிலிருந்து இருமுறை விழுந்தும் எலும்பு முறியாத மனிதர் என்ற நற்பெயரே இந்த வேலையை வாங்கித் தந்தது. ஒன்பது ஆண்டுகளில் சோப்பு வழுக்கி விழுவதிலும், மிதியடி தடுக்கி விழுவதிலும், இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து விழுவதிலும் தேர்ந்துவிட்டார். மயங்கி விழுவதுதான் கடினம். ஊன்ற வரும் கையை வராதே என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அவர் விழும்போது எழும் ஓசையையே சக ஊழியர்கள் அவருக்குப் பெயராக வைத்தார்கள். அவரும் மறுக்கவில்லை.

"ஊர்ல எல்லாரும் காலை ஊணிச் சம்பாதிக்கிறாங்க. எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான் கவுந்தடிச்சுச் சம்பாதிக்கிறார்" என்று அவருடைய மனைவி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். அம்மையாருக்கு முழங்கால் வலி உண்டு. பகல் முழுவதும் தனியாக இருப்பவர் என்பதால், நிறுவனமே அவர்கள் வீட்டிற்கும் அந்தத் தரையைப் போட்டுக் கொடுத்திருந்தது.

மாதத் தொடக்கத்தில் ஒருநாள், அவர் விழுவதைப் பதிவு செய்யும் பொறியாளர்ப் பெண் அவரைத் தனியே அழைத்தாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நீங்க விழறதெல்லாம் ஒரே மாதிரி ஆயிடுச்சு. நீங்க உள்ள வரும்போதே தரை கண்டுபிடிச்சிடுது."

"கண்டுபிடிக்கிறதுதானேம்மா அதோட வேலை?"

"உங்களைக் கண்டுபிடிக்கிறது இல்லண்ணே. இந்த மாசக் கடைசிக்குள்ள புது மாதிரி ஒண்ணாவது விழணும்னு மேல சொல்லிட்டாங்க. இல்லேன்னா கம்ப்யூட்டரே ஒரு மனுஷனை வரைஞ்சு விழ வெச்சுக்குமாம்."

"வரைஞ்ச மனுஷனுக்கு வலிக்குமா?"

"வலிக்காது. அதான் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

ஐம்பத்தாறு வயதில், சுமை தூக்குவதையும் விழுவதையும் தவிர வேறு தொழில் அறியாதவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? ஆகவே அவர் வீட்டிலும் விழுந்து பழகலானார். ஒவ்வொரு முறையும் தரை உதவி வேண்டுமா என்று கேட்டது. ஒவ்வொரு முறையும் அவர், "வேண்டாம், பயிற்சி" என்றார். இருநூறு முறை வரை பொறுமையாகக் கேட்ட தரை, அதன்பின் கேட்பதை நிறுத்திக்கொண்டது.

"பாத்தியா, புரிஞ்சுகிட்டுது!" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார்.

"நானும்தான் உங்களைப் புரிஞ்சுகிட்டு முப்பது வருஷமாச்சு. என்னை யாரு பாராட்டினாங்க?"

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு அவர் வீடு திரும்பியபோது, அம்மையார் சமையலறைத் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தலைமாட்டில் ஒரு டப்பா மூடி கிடந்தது.

"என்ன, நீயும் பழகறியா?"

"ஆமாங்க. மூணு மணியிலேருந்து பழகறேன். நல்லா வந்திருக்கான்னு பாருங்க."

அப்போதுதான் அவர் மனைவியின் உதடுகள் வெளுத்திருப்பதைக் கண்டார்.

"ஐயோ, தரை ஒண்ணும் கேக்கலையா?"

"நான்தான் அதைக் கேட்டேன். உதவி வேணும், உதவி வேணும்னு கத்தினேன். யாராவது விழுந்தாங்கன்னு நினைச்சாத்தானே அது காதைத் திறக்கும்? இந்த வீட்டுல விழறதெல்லாம் விளையாட்டுன்னு நீங்க பாடம் எடுத்து வெச்சிருக்கீங்களே!"

இடுப்பெலும்பில் விரிசல் என்றார் மருத்துவர். ஆறு வாரம் படுக்கை.

மறுநாள் பொறியாளர்ப் பெண் வீட்டிற்கு வந்து, தரை கற்ற தவறான பாடத்தை அழித்தாள். அழிக்குமுன் செவ்வாய்க்கிழமைப் பதிவைப் பார்த்தவள், பார்த்தபடியே நின்றுவிட்டாள்.

"அண்ணே, அம்மா விழறதுக்கு நாலு நிமிஷம் எடுத்துகிட்டிருக்காங்க! இப்படி ஒண்ணு நம்மகிட்ட இல்லவே இல்ல. இந்த ஒரு பதிவு போதாது, நூறு வேணும். நீங்க இதைச் செஞ்சு காட்டினா வேலை உங்களுக்குத்தான்."

மனைவி விழுந்ததை வைத்துத் தம் வேலையைக் காப்பாற்றிக்கொள்வதா என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. மூன்று நாட்கள் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்ன மென்னு முழுங்கறீங்க? அந்தப் பொண்ணு சொன்னது எனக்கும் கேட்டுது. கேக்கறதைக் கேளுங்க" என்றார் அம்மையார். "ஆனா ஒண்ணு. இந்த வீட்டுல இனிமே யாரும் விழக் கூடாது. நான் வாயால சொல்றேன், நீங்க காதால கேட்டுக்குங்க."

"முதல்ல கை போச்சா, கால் போச்சா?"

"எதுவும் போகல. டப்பாவை எட்டினப்ப கால் லேசா வழுக்குச்சு, போயிடக் கூடாதேன்னு அலமாரியைப் பிடிச்சேன். அது வழுக்குச்சு. மேடையில முழங்கையை ஊணினேன். அப்பவும் விழக் கூடாதுன்னுதான் நினைச்சேன். தரையில தலை படற வரைக்கும் நான் விழவே இல்லீங்க."

"அப்ப நான்?"

"நீங்க கதவைத் திறக்கும்போதே விழுந்தாச்சு."

அவர் ஒன்பது ஆண்டுகளாகத் தம்மிடம் பாடம் கற்ற தரைகள் எத்தனை வீடுகளில் கிடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார். அத்தனை வீடுகளிலும், முதியோர் இவரைப் போலவே தொப்பென்று விழுவார்கள் என்று நம்பி அவை காத்துக்கொண்டிருந்தன.

மாதத்தின் கடைசி நாளன்று, கூடத்தின் சமையலறையில் சோப்புத் தண்ணீரை ஊற்றச் சொன்னார்.

"மெத்தை போடலையேண்ணே?"

"மெத்தையைப் பாத்தா விழத் தோணும்மா. வேண்டாம்."

மேல்தட்டில் இருந்த டப்பாவை மட்டுமே பார்த்தபடி கையை நீட்டினார். கால் வழுக்கியது. விழக் கூடாது என்று முதன்முறையாக நினைத்தார். அலமாரியைப் பற்றினார், மேடையைப் பற்றினார், எழுந்து நிற்க மெய்யாகவே போராடினார். மூன்றாம் நிமிடத்தில் அலமாரிக் கதவு கையோடு வந்தது.

"விழுந்துவிட்டீர்களா? உதவி வேண்டுமா?" என்றது தரை. மூச்சு அடைத்திருந்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பொறியாளர்ப் பெண் ஓடி வருவதற்குள், தரை தன் கடமையைச் செய்துவிட்டது. வேலையில் சேர்ந்த நாளில் அவர் எழுதிக் கொடுத்திருந்த எண்ணை அழைத்தது.

அம்மையார் படுக்கையில் இருந்தபடியே எடுத்தார்.

"உங்கள் கணவர் விழுந்துவிட்டார். உதவி தேவைப்படுகிறது."

"அது அவர் வேலைப்பா" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

வைத்தபின் யோசித்தார். நாளொன்றுக்கு நாற்பது முறை என்று ஒன்பது ஆண்டுகளாக விழுகிறார். இந்த அழைப்பு ஒருமுறைகூட வந்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எப்போதும் வாய் இருந்தது. அம்மையார் உடனே பொறியாளர்ப் பெண்ணை அழைத்தார்.

"அவரைப் பேசச் சொல்லும்மா."

சிறிது நேரம் இரைச்சல். பிறகு, "பேசறேன்" என்றார் அவர்.

"வலிக்குதா?"

ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் அம்மையார் கேட்ட கேள்விதான் அது. ஒவ்வொரு மாலையும் அவர் இல்லை என்றே சொல்லியிருந்தார்.

"வலிக்குது."

"எங்க?"

"எங்க இல்லேன்னு கேளு."

"அப்ப வேலை நிலைச்சிடுச்சு" என்றார் அம்மையார். "பாத்து வாங்க. வழியில விழுந்து வெச்சிடாதீங்க. அதுக்கு யாரும் சம்பளம் தர மாட்டாங்க."