தூங்கப் போன போர்டுகள்

தீப்பெட்டி அளவு சர்க்யூட் போர்டுகளைத் தூங்க வைப்பது என் தொழில். பாட்டரியில் ஓடும் போர்டு எந்நேரமும் முழித்துக்கொண்டிருந்தால் ஒரு வாரம் தாங்காது. அதனால் வேலை இல்லாதபோது தூங்கவும், வேலை வந்தால் எழுந்திருக்கவும் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். திருத்தணியில், மோட்டார் காயில் கட்டும் பாஸ்கர் அண்ணன் கடையின் பின்பாதியில் என் மேஜை. இதே வேலையில் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது படித்தால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பெருமைப்பட இதில் எதுவும் இல்லை.

சிகப்பு விளக்கு

கே.ஜி.கண்டிகையில் ஜெயம்மாவின் மல்லித் தோட்டத்துக்கு, மண்ணில் ஈரம் குறைந்தால் போனுக்குத் தகவல் அனுப்பும் கருவி ஒன்று செய்து கொடுத்தேன். "ஒரு வருஷத்துக்கு பாட்டரியைத் தொடவே வேணாங்க" என்று சொன்னது என் வாய்தான். பதினோராம் நாள் பாட்டரி காலி. போய் புரோகிராமைத் திருத்தினேன். மறுபடி காலி. மறுபடி திருத்தினேன். மூன்றாவது தடவை போனபோது ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் வழியிலேயே நின்றுவிட, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தேன்.

வரப்பில் உட்கார்ந்து, இது ரொம்ப சிக்கலான சாஃப்ட்வேர் கோளாறு என்று ஜெயம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து கருவியைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கேட்டார்: "தூங்குது தூங்குதுன்றியே, அந்த சிகப்பு லைட்டு மட்டும் எரிஞ்சுகினே இருக்குதே, அதுக்கு கரண்டு வேணாமா?"

சைபர்

அந்த விளக்கைப் பிடுங்கிப் போட்ட பிறகு எனக்கு ஒரு வேகம் வந்தது. தூங்கும்போது போர்டு எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று பாட்டரிக்கும் போர்டுக்கும் நடுவில் மீட்டரை வைத்து அளந்தேன். சைபர். தசமப் புள்ளிக்குப் பிறகும் சைபர். உலகத்திலேயே இவ்வளவு குறைவாக யாரும் கொண்டுவந்ததில்லை என்று நினைத்துவிட்டேன். மீட்டரைப் படம் எடுத்து, சென்னையில் என்னோடு முன்பு வேலை பார்த்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

பாஸ்கர் அண்ணன் டீ கொடுக்க வந்தவர், மீட்டரை எடுத்துத் திருப்பி, பின்மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த ஃப்யூஸ் கருகியிருந்தது. என் போர்டுக்குக் கரண்ட் போகவே இல்லை. குழுவில் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் நிதானமாகச் சொன்னார்: "அது தூங்கல கலா, செத்துக் கெடக்குது."

தாய்மாமன்

மணவூர் தியாகராஜன் ஆட்டுப்பட்டியின் கதவுக்கு ஒன்று வைத்தேன். கதவு திறந்தால் போர்டு எழுந்து அவர் போனுக்குச் சொல்லும். எதற்கும் பயன்படாத ஒரு ஒயரை நான் எதிலும் இணைக்காமல் தொங்கவிட்டிருந்தேன். அப்படித் தொங்கும் ஒயர் பக்கத்தில் மோட்டார் ஓடினால்கூட அதை ஒரு சேதியாக எடுத்துக்கொள்ளும். அன்று பட்டிக்குப் பக்கத்தில் யாரோ பம்ப்செட்டைப் போட்டதும் போர்டு விழித்துக்கொண்டு "கதவு திறந்தது" என்று அனுப்பிவிட்டது.

அந்த நேரத்தில் தியாகராஜன் திருத்தணி மண்டபத்தில், அக்கா மகள் கல்யாணத்தில் தாய்மாமனாக மாலையோடு நின்றுகொண்டிருந்தார். அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு மணவூர் போய்ப் பார்த்தால், கதவு சாத்தியபடியே இருக்கிறது. அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார்: "ஆடுங்க எல்லாம் படுத்துகினு அசை போடுதுங்க, அங்க தாய்மாமன் எங்கேன்னு தேடிகினு இருக்கறாங்க, உன் பொட்டிக்கு மட்டும் இன்னாம்மா அவசரம்?"

முனிரத்தினம் ஐயாவின் பொத்தான்

மேலே சொன்னதையெல்லாம் நானே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் தெருவில் செல்வி என்று ஒருத்தி, அரக்கோணத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. காலை ரயிலில் போனால் சாயந்திரம்தான் வருவாள். வீட்டில் இடுப்பு சரியில்லாத அப்பா, முனிரத்தினம் ஐயா. "நைனா கழுத்துல ஒரு பொத்தான் மாட்டுங்கக்கா. அமுக்குனா பக்கத்து வீட்ல மணி அடிக்கணும்" என்றாள். செய்தேன். பாட்டரி சீக்கிரம் போனதால், இன்னும் ஆழமாகத் தூங்கும்படி மாற்றினேன். அவ்வளவு ஆழத்தில் தூங்கும் போர்டை எழுப்பக்கூடிய கால்கள், அதாவது ஒயர் பற்றவைக்கும் முனைகள், அதில் சிலதான். பொத்தானின் ஒயரை நான் பற்றவைத்தது வேறு காலில். பாட்டரியைப் போட்டதும் அமுக்கிப் பார்த்தேன், மணி அடித்தது. போர்டு தூங்கப் போக இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்து, அது தூங்கிய பிறகு மறுபடி அமுக்கிப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு ஐயா குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். ஐந்து மணிக்கு செல்வி வந்து பார்க்கும்வரை ஈர வேட்டியோடு தரையில்தான் கிடந்திருக்கிறார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. செல்வி என்னைத் திட்டவில்லை. "வந்து பாருங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். போனதும் நான் கேட்ட முதல் கேள்வி, "நல்லா அழுத்தினீங்களா ஐயா?" இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. அவர் கட்டைவிரலைக் காட்டினார். சிவந்து வீங்கியிருந்தது.

ஒயரைச் சரியான காலுக்கு மாற்றினேன். இந்தத் தடவை பத்து நிமிஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு அமுக்கினேன். மணி அடித்தது, பக்கத்து வீட்டுக்காரம்மா மாவுக் கையோடு ஓடி வந்தார். தான் உயிரோடு இருப்பதாக போர்டே மணிக்கு ஒருமுறை செல்வி போனுக்குச் சொல்லவும் வைத்தேன். பாட்டரியை மாசாமாசம் மாற்ற வேண்டும், மாற்றுகிறேன். செல்வி கொடுத்த காபியைத் தலை நிமிராமல் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, ஐயா கட்டிலில் இருந்தபடி, குறை சொல்லும் குரலே இல்லாமல் சொன்னார்: "தூங்கும், அமுக்கினா எழுந்துக்கும்னு நீதானேம்மா சொன்னே, நானும் இப்போ எழுந்துக்கும், இப்போ எழுந்துக்கும்னு சாயந்திரம் வரைக்கும் அமுக்கிகினே இருந்தேன்."

இந்தத் தொழிலில் என்ன கற்றாய் என்று யாராவது கேட்டால், தூங்க வைத்ததை ஒருமுறையாவது எழுப்பிப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் சொல்ல முடியும், அதற்கே எனக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது.