மாதாவுக்கு நீலம் அடித்த கிளடிஸ்

மன்னிப்புக் கேள் என்று சொன்னவர்களில் ஒருவர்கூட, மாதாவை மாதக்கணக்கில் நிலக்கீழ் அறையின் ஈரத்துக்குள் விட்டது யார் என்று கேட்கவில்லை. கிளடிஸுக்குக் கடைசிவரை ஆறாமல் இருந்தது அதுதான்.

கிளடிஸ் பேசாலைக்காரி. ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு அடுக்குமாடியில் கணவர் நீக்கிலாஸுடன் இருந்தார். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. லிஃப்ற் பழுதானால் மற்றவர்கள் படியேறுவார்கள். கிளடிஸ் மனேச்சரின் கதவைத் தட்டுவார். ஆங்கிலம் குறைவு. கோபத்துக்கு அது போதும்.

அவருடைய கோயில் ஏரிக்கரையில் இருந்தது. ஒரு காலத்தில் கடற்படைக்குக் கப்பல் கட்டிய துறை அது. துறையை மூடி, களஞ்சியங்களை இடித்து, கொண்டோ அடுக்குமாடிகளுக்கு அத்திவாரக் கிடங்கு வெட்டிய பிறகும், கப்பல் தச்சர்கள் கட்டிய அந்தக் கடல் நட்சத்திர மாதா கோயில் மட்டும் நின்றது. காலைப் பத்து மணி ஆங்கிலப் பூசைக்கு இரண்டு வாங்கில் உட்காரும் அளவுக்கு நரைத்த தலைகள் வரும். பின்னேரம் மூன்று மணித் தமிழ்ப் பூசைக்கு ஸ்காபரோவிலிருந்து வரும் சனத்துக்கு நிற்கவும் இடமிராது.

தொண்ணூற்று நான்கு மாசியில், பழைய மின்கம்பி பற்றிக் கூரையில் பாதி எரிந்தது. தமிழ்ப் பூசை ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட ஜிம்முக்குப் போனது. கோயிலைத் திருத்த ஒரு குழு அமைந்தது. தலைவர் விற்லொக், ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர், பத்து மணிப் பூசைக்காரர். குழுவில் ஒரு தமிழர்கூட இல்லை. ஆனால் சனிக்கிழமைகளில் எரிந்த மரத்தைச் சுமக்கவும், சுவரில் படிந்த கரியைத் தேய்க்கவும் வந்தவர்கள் எல்லாம் தமிழர்கள்தான். சுமக்க எங்கள் தோள் போதும், யோசிக்க எங்கள் தலை வேண்டாம் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு.

மாதாவின் சொரூபமும் அந்தத் தச்சர்கள் செதுக்கியது. ஆளுயர மரச் சொரூபம். புகை குடித்து முகமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. அதை நிலக்கீழ் அறையில் வைத்து மேலே ஒரு பிளாஸ்ரிக் விரிப்பைப் போட்டார்கள். தீயணைப்புக்காரர் அடித்த தண்ணீர் அந்த அறையிலிருந்து முழுதாக வற்றவேயில்லை. விளக்குமாறு எடுக்கப் போகும்போதெல்லாம் கிளடிஸ் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பார். மாதாவின் பாதத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. விற்லொக்கிடம் இரண்டு தரம் கேட்டார். ஒட்டாவாவிலிருந்து பழைய சொரூபங்களைத் திருத்தும் ஒரு நிபுணர் வருவார் என்றார் அவர். பங்குனி போனது, வைகாசி போனது, நிபுணர் வரவில்லை.

ஆவணியில் மாதாவின் திருநாள். ஊரிலென்றால் கொடியேற்றத்துக்கு முன் சொரூபத்தைக் கழுவி, புதுப் பெயின்ற் அடித்து, முடி சூட்டி வெளியே எடுப்பார்கள். அது வருசாவருசம் நடப்பது. பிள்ளைக்குப் புதுச் சட்டை போடுவதற்கு யாரிடம் அனுமதி கேட்பது? கிளடிஸ் தன் சிநேகிதி யூஜினியைக் கூட்டிக்கொண்டு ஹாட்வெயார் கடைக்குப் போனார்.

“உந்த நீலம் கூடிப்போச்சு, அக்கா,” என்றார் யூஜினி.

“மாதாவின்ர சால்வை பின்னை என்ன நிறம்? எடு.”

இரண்டு சனிக்கிழமை எடுத்தது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார்கள், துடைத்தார்கள், எனாமல் அடித்தார்கள். சால்வைக்கு நீலம், முகத்துக்கு ரோசா, முடிக்குத் தங்கம். முடிந்ததும் யூஜினி அழுதார். கரி சுமந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து பாதத்தைத் தொட்டு முத்தமிட்டுப் போனார்கள்.

அடுத்த கிழமைதான் ஒட்டாவாக்காரர் வந்து சேர்ந்தார். கரிக்குக் கீழே கப்பல் தச்சர்கள் பூசிய நூற்றைம்பது வருசத்து நிறம் இருந்ததாம். இப்போது அதில் பாதி சவர்க்காரத்தோடு போய்விட்டதாம், மீதி எனாமலுக்குக் கீழே கிடக்கிறதாம்.

தமிழ்ப் பூசையின் பொறுப்பாளர் அலெக்ஸாண்டர் அன்று பின்னேரமே வெக்ஸ்போர்ட்டுக்கு ஓடி வந்தார்.

“அக்கா, குழு கொதிச்சுக்கொண்டு நிக்குது. கோயில் திறந்தாலும் எங்களுக்குப் பூசை தரமாட்டினமாம். பெயின்ற் அடிச்ச ஆள் கூட்டத்திலை எழும்பி மன்னிப்புக் கேட்டால் யோசிப்பினமாம்.”

“பழைய நிறம் இருந்தது எனக்குத் தெரியாது, தம்பி. தெரிஞ்சிருந்தால் தொட்டிருக்க மாட்டன். அதுக்குக் கேக்கிறன். ஆனால் அவையும் கேக்கோணும்.”

“அவை ஏன்?”

“மாதாவைத் தண்ணிக்கை போட்டது நானே?”

“ஐயோ அக்கா, ஒரு ‘சொறி’ சொல்லி முடிக்கிற அலுவலைப் பெருப்பிக்காதேங்கோ. ஐந்நூறு சனத்தின்ர பூசை.”

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நீக்கிலாஸ் தலை நிமிராமல், “சுவரோட கதைக்கிறாய், தம்பி,” என்றார்.

கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. கிளடிஸுக்கு மொழிபெயர்க்க அலெக்ஸாண்டர் தன் மகள் ஷரோனைக் கொண்டு வந்திருந்தார். கிளடிஸ் எழுந்து நின்றார்.

“தச்சர்மாரின்ர நிறத்தை அழிச்சது பிழை. அதுக்கு மனம் வருந்துறன். ஆனால் மாசியிலையிருந்து அவ பூஞ்சணம் பிடிச்சுக் கிடந்தா. கேட்டனான். ஒருத்தரும் அசையேல்லை. அது ஆரின்ர பிழை?”

ஷரோன் தகப்பனைப் பார்த்தாள். பிறகு, அன்ரி மிகவும் வருந்துகிறார் என்று ஆங்கிலத்தில் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

“எடி பிள்ளை, நான் சொன்னது உவ்வளவுதானோ?”

“அன்ரி, ப்ளீஸ். ஜஸ்ற் லீவ் இற்.”

கிளடிஸ் விற்லொக்கைப் பார்த்தார். “பெயின்ற், மை மிஸ்ரேக். ஐ ஆம் சொறி,” என்றார். “பேஸ்மன்ற், யுவர் மிஸ்ரேக். யூ சே.”

விற்லொக் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பங்குச் சுவாமி தொண்டையைச் செருமினார். யாரோ அடுத்த விடயத்துக்குப் போகலாம் என்றார், கூட்டம் அதற்குப் போனது. கடைசியில் முடிவு வந்தது: கோயில் திறந்ததும் தமிழ்ப் பூசை மூன்று மணிக்கு நடக்கலாம். ஒரு வருசம் தவணை. ஒழுங்காக நடந்துகொள்கிறார்களா என்று பார்த்துவிட்டு மேலே தீர்மானிப்பார்கள்.

அலெக்ஸாண்டர் எல்லோருடைய கையையும் பிடித்து நன்றி சொன்னார். நன்றி! சுவர் முழுவதையும் தேய்த்தவர்களுக்கு ஒழுக்கப் பரீட்சை. அதற்கு நன்றி.

வாசலில் அந்த ஒட்டாவாக்காரரைக் கண்டு, பூசியதைத் தானே சுரண்டி எடுத்துத் தருவதாகக் கிளடிஸ் கையால் காட்டினார். அவர் நல்லவிதமாகத் தலையை ஆட்டி மறுத்தார். அது பஞ்சு வைத்து விரல் நகமளவாக எடுக்கிற வேலை.

அடுத்த வருசம் கோயில் திறந்தது. மாதா பீடத்தில் நின்றார், எனாமல் போய், பழைய நிறம் திட்டுத் திட்டாக. முதல் ஞாயிறு மூன்று மணிப் பூசையில் சனம் வெளிப்படிவரை நின்றது. கிளடிஸைக் காணவில்லை. இரவு அலெக்ஸாண்டர் போன் எடுத்தார்.

“என்னக்கா, கோவிச்சுக்கொண்டு இருந்திட்டியளோ?”

“நான் ஏன் கோவிக்கிறன்? பூசைக்குப் போயிட்டு வந்திட்டன்.”

“எங்கை? நான் காணேல்லையே.”

“பத்து மணிக்கு. முன் வாங்கிலை. தவணை உங்கட மூண்டு மணிக்குத்தானே, தம்பி. பத்து மணிக்கு ஒருத்தரும் சட்டம் போடேல்லை.”

“அக்கா, அது அவையின்ர வாங்கு.”

“அவையின்ர பேர் எழுதிக் கிடக்கேல்லை. விற்லொக்குக்குப் பக்கத்திலைதான் இருந்தனான். சமாதானம் சொல்லிக் கை குடுக்கிற நேரம் நானும் நீட்டினன். பிடிச்சவர். பிடிக்காமல் என்ன செய்யிறது, சுவாமி பாத்துக்கொண்டு நிக்கிறார்.”

“அடுத்த கிழமை எங்களோட வாங்கோவன்.”

“இல்லை. அடுத்த கிழமை யூஜினியும் வாறாள். அவளின்ர மாமி வீட்டாக்களும் வருகினம். பத்து மணிக்கு அந்த ரெண்டு வாங்கு இனிப் போதாது.”