கண்தானப் படிவத்தில் ஒரு பெயர்

வவுனியாவில் சண்டை நடந்த அந்த வருடங்களில் ஒரு படிவத்தைக் கண்டால் எவரும் பேனாவை எடுக்கத் தயங்குவார்கள். ஊருக்குள் இருக்க ஒரு பாஸ், ஊரைவிட்டு வெளியே போக வேறொரு பாஸ், முகாமில் அரிசி எடுக்க ஓர் அட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். ஒன்றில் எழுதியதைத்தான் மற்றதிலும் எழுத வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் விசாரணைதான். அதனால் ஒவ்வொரு குடும்பமும் தன் பதில்களைப் பாடமாக்கி வைத்திருந்தது. வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்கும் அது தெரியும்.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் நான் கண்தானம் படிப்பிக்கப் புறப்பட்டேன்.

இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் பின்னேர வகுப்பு நடந்தது. நான் பத்தாம் ஆண்டுக்கு விஞ்ஞானம். சுகாதாரப் பகுதியிலிருந்து ஓர் அலுவலர் வந்து, கண்தானம் பற்றிப் பேச ஒரு பாடவேளை தரும்படி அதிபரிடம் கேட்டார். எதைச் சொன்னாலும் சிரிக்கிற மனிதர். காரணமில்லாமல் சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் அவர் பைக்குள் ஒரு பிளாஸ்ரிக் கண் வைத்திருந்தார், பகுதி பகுதியாகக் கழற்றிப் பூட்டலாம். அதுவரை எங்களிடம் இருந்தது நான் கரும்பலகையில் கீறும் கண் மட்டுந்தான். அது பலாக்கொட்டை மாதிரி இருக்கும். ஆசை சந்தேகத்தை வென்றுவிட்டது.

நன்றாகத்தான் விளங்கப்படுத்தினார். ஒருவர் இறந்து சில மணித்தியாலங்களுக்குள் கண்ணின் முன்புறத்து மெல்லிய படலத்தை எடுத்து, பார்வை போன இன்னொருவருக்கு வைக்கலாம். இறந்தவரின் முகம் கெடாது என்றார். பிள்ளைகள் வாய் திறக்காமல் கேட்டார்கள். படிவக்கட்டை வெளியே எடுத்தாரோ இல்லையோ, வகுப்பின் முகமே மாறிவிட்டது. செத்தபிறகு எடுக்கிற கண்ணுக்கு இப்போது எதற்கு விலாசம் என்று ஒருவன் கேட்டான். முழுதாகச் சாகமுன்னம் எடுத்துவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்றான் இன்னொருவன். பின்வாங்கிலிருந்து ஒருத்தி எழும்பினாள்.

"எங்கட கண் ஆருக்குப் போகும், சேர்? சென்றியில நிக்கிற ஆமிக்காரருக்கும் போகுமோ?"

தேவைப்பட்டவருக்குப் போகும் என்று சொல்லமுன் அவர் ஜன்னலுக்கு வெளியே ஒருமுறை பார்த்துக்கொண்டார். விருந்தாளியின் முன்னால் என் வகுப்பு இப்படி நடந்துகொண்டது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டால் உலகத்தில் ஒரு நல்ல காரியமும் நடக்காது என்று ஏசினேன். பொய் விவரம் எழுதுவதானால் படிவத்தைத் தொடவே வேண்டாம் என்றும் சொன்னேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் அது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பெற்றோரின் கையெழுத்தைப் பிறகு வாங்கலாம் என்று சொல்லி அலுவலர் பிள்ளைகள் நிரப்பிய படிவங்களை அன்றைக்கே சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார். என்ன அவசரம் என்று மனம் கேட்டது. வாய் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு தகப்பன் வந்தார். முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்தவர், இப்போது முகாமிலிருந்து கூலி வேலைக்குப் போகிறவர். கழுத்தில் செபமாலை. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. மகள் இரண்டு நாளாகப் பள்ளிக்கு வராதது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்களுக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை மட்டும்தான் எண்டு முகாமில பதிஞ்சிருக்கு, டீச்சர். இவள் உங்கட கடுதாசியில தமையன்ர பேரை எழுதிப்போட்டு வந்திட்டாள்."

இறந்தால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று படிவத்தில் ஓர் இடம் இருந்தது. அங்கேதான் எழுதியிருக்கிறாள். மகன் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டான். ஏன் நின்றான் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கேட்காமல் விடுவதும் ஓர் உபகாரம். இரண்டு கடுதாசியும் ஒரே மேசைக்கு வந்தால் மகன் எங்கே என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தகப்பனைத்தான் கொண்டுபோவார்கள். இதைவிடச் சின்ன விசயத்துக்குப் போய்த் திரும்பாதவர்களை எனக்குத் தெரியும்.

போகும்போது நின்று கேட்டார்.

"பிள்ளையளின்ர விவரம் எடுத்துத் தரச்சொல்லி உங்களிட்ட ஆரும் கேட்டவையோ?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த அலுவலரிடம் யாரும் கேட்கவில்லை என்று நான் எதை வைத்துச் சத்தியம் பண்ணுவது?

அடுத்த நாள் காலமை சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த அலுவலரின் கந்தோருக்குப் போனேன். படிவக்கட்டு அலுமாரிக்கு மேலே இருந்தது. வெள்ளிக்கிழமை கொழும்புக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். ஒரு பிள்ளை பிழையாக நிரப்பிவிட்டது, திருத்த வேண்டும் என்றேன். எந்தப் பிள்ளை என்று கேட்டார். பார்த்தால்தான் தெரியும், கட்டைத் தாருங்கள் என்றேன். பெயரைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? முதல்தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கட்டை மேசையில் வைத்தார். பிறகு கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கத் தொடங்கினார்.

"நான் ஒண்டையும் காணேல்லை, டீச்சர். என்ர பாஸும் வாற கிழமை முடியுது. கெதியா எடுங்கோ."

படிவங்களில் பாதிக்கு மேல் வெறும் புளுகு. இல்லாத ஒழுங்கை, இல்லாத வீட்டு இலக்கம். ஒன்றில் மட்டும் எல்லா இடமும் நிரம்பியிருந்தது. முத்து முத்தான எழுத்தில் தமையனின் முழுப்பெயர், வயது, உறவுமுறை. உருவி எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து, குசினி அடுப்பில் வைத்துச் சாம்பலாகும்வரை நின்றேன். நெஞ்சு அப்போதுதான் ஆறியது. பின்னேரம் தகப்பனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். பாடம் முடிந்து மற்றவர்கள் போனபிறகு என் மேசையருகே வந்து நின்றாள். பாவம், பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்து, படிவத்தை எரித்துவிட்டேன், இனி ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம் என்றேன். நன்றி சொல்வாள் என்றுகூட எதிர்பார்த்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எரிச்சிட்டீங்களோ, டீச்சர்? எனக்கு அண்ணா எண்டு ஒராள் இருக்கிறார் எண்டு அந்த ஒண்டிலதான் எழுதியிருந்தனான்."