அலைக்கு அடியில் முங்கப் பழகியது

நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் காலையில் யாரும் "சாப்பிட்டாயா" என்று கேட்பதில்லை. ஈரத் தலையோடு வார்டுக்குள் நுழையும் நர்ஸுகள் ஒருவரையொருவர் கேட்பது, "இன்றைக்கு உள்ளே போனாயா?" வந்த புதிதில் அவர்களில் ஒருத்தியான ஜெஸ் என்னிடமும் கேட்டாள். "ஏழு மணிக்கே போய்விட்டேன், பின்வாசல் வழியாக" என்று பணிவாகச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த நோயாளி விழித்துவிட்டார். உள்ளே என்றால் கடலுக்குள்ளே. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் உள்ள இந்தச் சிற்றூரில் சர்ஃப் பலகையோடு அலையில் புரண்டுவிட்டு வேலைக்கு வருவது, நம் ஊரில் பல் தேய்த்துவிட்டு வருவது மாதிரி.

என் அப்பா மீனவர் என்று ஒருநாள் ஜெஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். "அப்படியானால் நீ கடலிலேயே வளர்ந்தவள்!" என்று அவளே முடிவு கட்டினாள். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மை வேறு. தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் பிறந்தவள்தான் நான். ஆனால் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் கடல் என்பது கணுக்கால் வரைதான். அப்பாவின் தம்பி ஆற்று முகத்துவாரத்தில் வள்ளம் கவிழ்ந்து அலைக்கு அடியில் போனார். அவர் உயிரோடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு பாவாடை நுனி நனைந்து வந்தால்கூட அம்மா விளக்குமாற்றைத் தேடுவாள். நான் நீந்தப் பழகியதே இங்கேதான். குளோரின் நெடி அடிக்கும் குளத்தில், என் இடுப்புயரம்கூட இல்லாத பிள்ளைகளுக்கு நடுவில்.

ஜெஸ் என்னைக் கடலுக்குக் கூட்டிப்போன முதல் நாள், பலகையில் குப்புறப் படுத்துத் துடுப்பைப்போல் கைகளை வீசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "டக்! டக்!" என்று கத்தினாள். டக் என்றால் வாத்து என்று பள்ளியில் படித்த ஞாபகத்தில் சுற்றுமுற்றும் பார்த்தேன். வாத்தைக் காணவில்லை. அலைதான் வந்தது. பலகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வாய் நிறைய உப்புத் தண்ணீர்.

கரையில் உட்காரவைத்து விளக்கினாள். உடைந்து வரும் அலையை மோதி ஜெயிக்க முடியாது; வாத்தைப்போல் அதற்கு அடியில் முங்கிப் போக வேண்டும். அலை நெருங்கும்போது பலகையின் இரு ஓரங்களையும் பிடித்து முன்பாகத்தை நீருக்குள் அமுக்கி, முழங்காலால் பின்பாகத்தையும் அழுத்தினால், அலை தலைக்கு மேலே கடந்துவிடும். கேட்கச் சுலபமாக இருந்தது. ஏரல் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில், கல்லூரிப் பேருந்திலிருந்து எத்தனை வாத்துகளைப் பார்த்திருக்கிறேன்! தலை சேற்றில், வால் வானத்தில். நானும் அப்படியே செய்தேன். வால் வானத்தைப் பார்த்த நேரத்தில் அலை என்னைக் கரைக்கே அனுப்பிவைத்தது.

மழைக்காலம் முழுக்க இப்படித்தான். முன்னதாக முங்கினால் அலை வருவதற்குள் மேலே மிதந்துவிடுவேன். தாமதித்தால் பலகை மூக்கில் இடிக்கும். ஒரு காலையில் எப்படியோ எல்லாம் கூடிவந்தது. அமுக்கினேன், முங்கினேன், கண்ணைத் திறந்தேன். தலைக்கு மேலே வெள்ளை நுரை புகையாக உருண்டு போனது. அடியில் ஒரு சத்தமும் இல்லை. மேலே வந்தபோது அலை எனக்குப் பின்னால் உடைந்துகொண்டிருந்தது. இரவில் அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"அலைக்கு மேல ஏறிப் போறதுக்குப் பலகை, சரி. அடியில போறதுக்கு எதுக்குட்டி பலகை?" என்றார். சிரித்துத்தான் சொன்னார். ஆனால் உடனே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

இந்த முறை ஊருக்குப் போனபோது மணப்பாட்டில் பலகை வாடகைக்குக் கிடைப்பதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பினேன். அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டார். "சும்மா காத்து வாங்க வாரேன்" என்றார். புன்னைக்காயலில் இல்லாத காற்று!

கரையில் அவரை நிறுத்திவிட்டு இறங்கினேன். முதல் அலைக்கு அடியில் முங்கினேன். எழுந்தபோது பின்னாலேயே இரண்டாவது, மறுபடி முங்கினேன். வெளியே வந்து திரும்பிப் பார்த்தால் கரையில் அப்பா இல்லை. இடுப்பளவு தண்ணீரில், கைக்கடிகாரத்தோடும் சட்டைப்பையில் செல்போனோடும், இரு கைகளையும் நீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டு நின்றார்.

"அப்பா! இங்கன இருக்கேன்!" என்று கத்தினேன்.

நிமிர்ந்து பார்த்தார். அலைகளுக்கு அந்தப் பக்கம் பலகையில் உட்கார்ந்திருந்த என்னை அவருக்கு உடனே அடையாளம் தெரியவில்லை போல. பிறகு ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் கரையேறியதும் திட்டுவார் என்று நினைத்தேன். "அடியில போவும்போது சொல்லிட்டுப் போகக் கூடாதாட்டி?" என்றார். "இன்னொரு வாட்டி போ. பைய போ. நான் பாக்குதேன்."

போனேன். அந்த முறை அவர் தண்ணீரில் இறங்காமல் ஈர மணலிலேயே நின்றுகொண்டார். நான் முங்கி எழும் ஒவ்வொரு தடவையும் கையை உயர்த்திக் காட்டினேன். அவரும் காட்டினார்.

திரும்பி வரும்போது வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், கறுப்பு ரப்பர் உடுப்பில் பலகையோடு வந்த என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்: "யாரு அண்ணாச்சி இது? வெளிநாட்டுக்காரியா?"

வேட்டியைப் பிழிந்துகொண்டே அப்பா சொன்னார்: "ஆமா வே. எம் மவதான்."