கழற்றி எடுத்த பக்கம்

பதினொரு பக்க அறிக்கையில் பத்துப் பக்கங்களைத்தான் கையளித்தேன். பதினோராவதைக் கழற்றியது என் கை. கழற்றச் சொன்னது என் அறைத்தோழன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் எனக்கு இரண்டாவது கோடை, டெனிஷ் மொழி வாய்க்குள் சுடுகிழங்காய் உருண்ட காலம். இருவரும் தொழில்நுட்பப் பள்ளியில் ஓராண்டு ஆயத்தப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தோம். தேறினால் ஓல்போர்க் பல்கலைக்கழகத்தில் பொறியியல், கணினிப் பிரிவு. தேறாவிட்டால் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகப் பெண் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்புதான் என்னைத் தூங்க விடவில்லை. கணிதம் தாண்டிவிட்டது, பௌதிகம் தாண்டிவிட்டது. மிச்சம் கணினி ஒன்று, வாய்மொழிச் சோதனை. பதின்மூன்று வரை ஏறும் புள்ளிகளில் எனக்கு வேண்டியது ஆறு.

அந்தச் சோதனைக்காக, நூலகத்துக்குப் புத்தகம் இரவல் கொடுக்கும் கணினி நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். பெயருக்கு இருபது எழுத்து இடம். டெனிஷ்காரரின் பெயர்கள் அதற்குள் கால் நீட்டிப் படுத்தன. ஒரு நாள் சும்மா என் பெயரை அப்பாவின் பெயரோடு சேர்த்து அடித்துப் பார்த்தேன். இருபத்தேழு எழுத்து. இயந்திரம் முனகவில்லை, மறுக்கவில்லை. இருபதோடு வெட்டிப்போட்டு அடுத்த கேள்விக்குப் போனது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க முழுப் பெயரையும் அடித்தால், அப்படி ஒருவர் இல்லை என்றது. இடத்தைக் கூட்டிப் பார்த்தேன். கணினியின் நெகிழ்வட்டில் முன்பே எழுதியிருந்த பதிவுகள் இடம்பெயர்ந்து ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன. கையளிக்க இரண்டு நாள்தான் இருந்தது.

ஆசிரியரைக் கேட்டிருக்கலாம். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது அங்கத்தைய வழக்கம். என் நாக்கு வளையவில்லை. வருடம் முழுவதும் அவரை நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேசை அருகே போய் நிற்பேன். அவர் நிமிர்ந்தால் கேள்வி, நிமிராவிட்டால் திரும்பி வந்துவிடுவேன். அந்த இரண்டு நாளும் அவர் நிமிரவில்லை.

ஆகவே எது வேலை செய்யவில்லை, ஏன், என்று ஒரு பக்கம் எழுதி அறிக்கையின் கடைசியில் வைத்தேன். தோழன் அதை வாசித்தான்.

"மச்சான், ஆரடா தன்ர பிழையைத் தானே எழுதிக் குடுத்து மாக்ஸ் வாங்கினவன்? சோதினையோ எழுதுறாய், பாவசங்கீர்த்தனமோ செய்யிறாய்?"

"பிழையளையும் எழுதினால் நல்லது எண்டு வாத்தி சொன்னவர்."

"சொல்லுவினம். ஒரு நாளைக்கு வீட்டுப் பக்கம் வா எண்டும்தான் சொல்லுவினம். போனியோ?"

போகவில்லை. பக்கத்தைக் கழற்றினேன். மத்தியானம் தோழன் அதன்மேல் கறிச்சட்டியை இறக்கி வைத்தான். அவனுடைய நிரலிலும் பெயருக்கு அதே இருபது எழுத்துத்தான். பக்கத்துப் பக்கத்து இயந்திரங்களில் இருந்து எழுதியவை.

சோதனை அறையில் ஆசிரியரும் வேறு ஊரிலிருந்து வந்த பரிசோதகரும் இருந்தார்கள். பரிசோதகர் ஐம்பது வயதுப் பெண்மணி. பின்னிக்கொண்டிருந்த கம்பளியைப் பைக்குள் வைத்துவிட்டு என் அறிக்கையைத் திறந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் கதிரையைக் காட்டி "இரு" என்று இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் இருந்தேன். நிரலை ஓட்டிக் காட்டினேன். கட்டைப் பெயர்களாக அடித்தேன். ஓடியது.

"இப்போது உன் பெயரை அடி" என்றார் பரிசோதகர்.

என் பெயரை மட்டும் அடித்தேன், அப்பாவை விட்டுவிட்டு. பத்து எழுத்து. அவர் கையிலிருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்தார்.

"முழுவதும்."

இருபத்தேழு விசைகள். ஒவ்வொன்றும் ஆணி அடிப்பதுபோல் எனக்குக் கேட்டது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அப்படி ஒருவர் இல்லை என்று திரை எழுதியது.

"இது உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றால் மக்கு. தெரியும் என்றால் கள்ளன். ஆசிரியர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் மூளை தெரியாது என்ற டெனிஷ் சொல்லை எடுத்து வைத்திருந்தது. வாய் மற்றதைச் சொல்லிற்று.

"தெரியும்."

"ஏன் எழுதவில்லை?"

"எங்கள் ஊரில் பிழையை எழுதிக் கொடுத்தால் புள்ளியை வெட்டுவார்கள்."

அவர் சிரிக்கவில்லை. "எழுது" என்று கரும்பலகையைக் காட்டினார்.

சுண்ணக்கட்டியால் பெட்டி பெட்டியாகக் கீறினேன். பதிவு எப்படி வட்டில் கிடக்கிறது, நீளம் மாறினால் ஏன் குழம்புகிறது, பழையதை வாசித்துப் புதிய நீளத்தில் திரும்ப எழுத ஒரு சின்ன நிரல் எப்படி வேண்டும். வினைச்சொல் தப்பியது, பால் தப்பியது, கை தப்பவில்லை. ஒரு வருடத்தில் அந்த அறையில் நான் அவ்வளவு பேசியதேயில்லை. ஆசிரியர் ஜன்னலை விட்டுத் திரும்பியிருந்தார்.

பிறகு வெளியே போகச் சொன்னார்கள். நடைபாதையில் தோழன் சுவரில் சாய்ந்து நின்றான், அடுத்தது அவன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் அறிக்கையைப் புரட்டினான். நான் தரையின் சதுரங்களைப் பார்த்தேன். தொழிற்சாலையின் வெள்ளை மேலங்கி என் அளவில் தைத்துக் காத்திருந்தது போலத் தோன்றியது. கதவு திறந்தது; உள்ளே கூப்பிட்டார்கள்.

"ஏழு" என்றார் ஆசிரியர். "கரும்பலகையில் கீறியது அறிக்கையில் இருந்திருந்தால் ஒன்பது."

ஏழு. தலையை ஆட்டினேன். நன்றி சொன்னேனா என்று இன்றுவரை தெரியாது. வெளியே வந்ததும் தோழன் சுவரை விட்டு நிமிர்ந்தான்.

"என்னடா?"

"பாஸ். பேரை முழுசா அடிக்கச் சொல்லுறா மச்சான். உன்ர எத்தினை?"

அவன் விரலை மடக்கி எண்ணினான். "இருபத்தி மூண்டு."

"அவ கேக்க முதல் பிழையை நீயே சொல்லு."

"இப்ப வந்து சொல்லுறியே, சனியன்."

ஆசிரியர் அவன் பெயரை இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்து கூப்பிட்டார். சேர்ட்டை உள்ளே விட்டுக்கொண்டு போனான். கதவு மூடிக்கொண்டது.

நான் வீட்டுக்குப் போகவில்லை. கதவோடு காதை வைத்தேன், வெட்கமில்லாமல். கதிரை இழுபடும் சத்தம். பிறகு, தேவைக்கு மேல் உரத்து, உடைந்த டெனிஷில் அவன் குரல்: "தொடங்க முன்னம் சொல்ல வேண்டும். இதில் ஒரு பிழை இருக்கிறது."