கிடாரின் ஓரத்தில் ஒரு விளக்குமாறு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் 'சரக் சரக்' என்று சத்தம். எட்டிப் பார்த்த என் மனைவி கவிதா போட்ட அலறலில், பேப்பரைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

பாலசமுத்திரத்திலிருந்து வந்திருந்த என் மாமியார், புத்தம்புது விளக்குமாற்றால் வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். இதற்கா அலறல்?

இதற்குத்தான்!

கவிதா கிடார் செய்கிறாள். வாசிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். திண்டுக்கல்லில், கார் ஷெட்டில் உட்கார்ந்து கிடாரைச் செய்கிறவளைப் பார்த்திருக்கிறீர்களா? நான் தினமும் பார்க்கிறேன். காபிகூட நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இதுவரை செய்ததெல்லாம் சொந்தக்காரர்களுக்கு. முதல் வெளி ஆர்டர் தந்தவர், தோல் வியாபாரம் செய்யும் ரியாஸ். "அக்கா, ஓரத்துல அந்த பிளாஸ்டிக் மட்டும் வேணாம். நம்ம மண்ணுல வெளையிறதா ஏதாச்சும் போடுங்க. புடிச்சாத்தான் எடுத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டார். கிடாரின் முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் விளிம்பில், புடவைக்கு பார்டர் மாதிரி ஒரு பட்டை ஓடும். அழகுக்கு மட்டுமல்ல... இடிபட்டால் மரம் சிதையாமல் காப்பதும் அதுதான்.

சிறுமலை வாழைநார் வந்தது. பிசிறு பிசிறாய் நின்றது. கொட்டாங்கச்சி வந்தது, கிடாரின் இடுப்பு வளைவில் 'டப்'. கடைசியில் தென்னை ஈர்க்கு. சீவி, ஒரே அளவாய்ப் பொறுக்கி, வெயிலில் காயப்போட்டிருந்தாள். அதைப் பார்த்தும் அவள் அம்மா சும்மா இருப்பாரா?

"காஞ்சுட்டுக் கெடந்துச்சுங்க மாப்ள, கட்டி வெச்சேன். நேத்துப் பொறவாசல் கூட்டுனேன், இன்னிக்கு முன்வாசல். நல்லா வாகா இருக்குதுங்க!"

கவிதாவுக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. ரியாஸ் வர வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. உட்கார்ந்து விளக்குமாற்றைப் பிரித்தாள். பாதி முறிந்திருந்தது. மீதியில் ஒன்றை எடுத்து வளைத்தாள்... இன்னும் வளைத்தாள்... முகம் மாறியது.

"இங்க பாருங்க, ஒடியிறதெல்லாம் கூட்டுறப்பவே ஒடிஞ்சு போச்சு. மிச்சம் பூரா தேறுனதுங்க!"

வெந்நீரில் ஊறவைத்து, பிளேடால் தட்டையாய்ச் சுரண்டி, அடுக்கடுக்காய் ஒட்டி விளிம்பில் பதித்தாள். பாலிஷ் போட்டதும் தேன் நிறத்தில் ஒரு கோடு, கிடாரைச் சுற்றி. நான் அசந்துபோனேன்.

ரியாஸ் வந்தார். தோலைத் தடவிப் பார்க்கிற பழக்கத்தில் கட்டைவிரலால் விளிம்பு முழுக்கத் தடவினார். "என்ன பொருள் அக்கா இது?"

"கோகனட் ஃபைபர்... ஆர்கானிக்..." என்று நான் இழுத்தேன். விளக்குமாறு என்றால் யார் மடியில் வைத்துக்கொள்வார்கள்?

"ஈர்க்கு, தம்பி. விளக்குமாத்து ஈர்க்கு" என்றாள் கவிதா, பளிச்சென்று.

அடுப்படியிலிருந்து மாமியார் வேறு: "ரெண்டு நாள் கூட்டுனதுங்க தம்பி!"

போச்சு... முதல் ஆர்டர் போயே போச்சு என்று நினைத்தேன்.

ரியாஸ் வாய்விட்டுச் சிரித்தார். "வாசல் கூட்டியே ஒடியாதது என் கையிலயா ஒடியப் போகுது? குடுங்கக்கா!" அங்கேயே உட்கார்ந்து, மடியில் வைத்து மீட்டினார். அப்போது கவிதா என்னைப் பார்த்தாள் பாருங்கள், ஒரு பார்வை! நான் மூடி மறைக்கப் பார்த்ததை அவள் தலைநிமிர்ந்து சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஆர்டரும் வந்துவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் ஈர்க்கை யாரும் தொடக் கூடாது.

வாசல் கூட்ட? பிளாஸ்டிக் விளக்குமாறுதான்!